எட்டாவது கேள்வி

பூங்கோதைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சந்தவாசலில் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்களில் பாதிப்பேர் அந்தக் கோபத்துக்கு வேலை வைத்தவர்கள்தான். கரும்பு வண்டியை வாய்க்காலில் இறக்கிக் கரையை உடைத்து, அவள் அப்பா வயலுக்கு ஒரு வாரம் தண்ணீர் வராமல் செய்த ஆள், "அந்தப் பொண்ணு வாய்க்கு ஊரே தாங்காது" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்வான். வாய்க்காலைப் பற்றி மூச்சு விடமாட்டான். கோபக்காரர்களைப் பற்றி ஊர் சொல்லும் கதைகளில் முதல் பாதியை எப்போதும் காணோம். இது அந்த முதல் பாதி.

கொஞ்சம் கரும்பும் கொஞ்சம் நெல்லும் வைத்திருந்த வீட்டில் அவள் ஒரே பெண். திருவண்ணாமலையில் பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு, மெட்ராஸில் தூரத்து உறவுக்காரர் வீட்டில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தாள். பெண் பார்க்க வந்த ஆரணிக்காரர்கள், "கம்ப்யூட்டர்னா இன்னாங்க, டைப் அடிக்கிறதா?" என்று அவள் அம்மா கன்னியம்மாளைக் கேட்டார்கள். "ஆமாங்க, அது மாதிரிதான்" என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் பூங்கோதை உள்ளேயிருந்து வந்து நின்றாள். "டைப் இல்லைங்க. கேட்டா பதில் சொல்ற மெஷினு. உங்க பையன் கேட்டா பதில் சொல்வாருங்களா?" பையன் அதுவரை வாயைத் திறக்கவில்லை என்பது உண்மை. அந்தச் சம்பந்தம் பஜ்ஜியோடு முடிந்தது.

எண்பத்தாறில் மலையடிவாரத்து தர்ம ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாக ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதைத் தொடத் தெரிந்த ஆள் சுற்றுவட்டாரத்தில் அவள் ஒருத்திதான். அந்த ஆஸ்பத்திரியின் பெரிய வேலை டி.பி. வைத்தியம். வாரத்தில் இரண்டு தடவை வேன் படவேட்டுப் பக்கத்து ஊர்களுக்குப் போய்விட்டு ஜவ்வாது மலைக்கு ஏறும். நோயாளிகள் வேன் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும். நர்ஸ் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஊசி போட்டுக்கொண்டு, மாத்திரையை அங்கேயே விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். யாருக்கு ஊசி, யாருக்கு வெறும் மாத்திரை, யார் போன தடவை வரவில்லை என்பதெல்லாம் கம்ப்யூட்டர் அச்சடித்துத் தரும் தாளில் இருக்கும். புதிதாக வருபவருக்கு முதலில் கையால் ஒரு சீட்டு எழுதுவார்கள், அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள் பூங்கோதை.

அந்த ஊசிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அளவுக்கு மேல் போட்டால் காதைத் தின்றுவிடும். முதலில் காதுக்குள் வண்டு கத்துவது போல இருக்கும். தலை சுற்றும். அப்புறம் சின்னச் சின்னச் சத்தமாகப் போகும். போனது திரும்பாது. அதனால் ஒருமுறை ஊசி போட்டு முடித்தவருக்கு மறுபடியும் போடுவதென்றால் காதைச் சோதித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று பெரிய டாக்டர் தங்கவேல் கண்டிப்பாக உத்தரவு போட்டிருந்தார். மனிதர் நல்ல டாக்டர், அதில் சந்தேகமில்லை. அவருக்கு இருந்த ஒரே வியாதி, ஆஸ்பத்திரியைப் பார்க்க வருகிறவர்கள் மூக்கில் விரல் வைக்க வேண்டும் என்கிற ஆசை.

முதல் வருஷம் பூங்கோதை எல்லாவற்றையும் சாதாரண டேபிள்களில் வைத்திருந்தாள். கட்டம் போட்ட டேபிள்கள். நோயாளிகளுக்கு ஒன்று, ஊர்களுக்கு ஒன்று, கொடுத்த மருந்துக்கு ஒன்று. நோயாளியின் எண்ணை வைத்து ஒன்றை இன்னொன்றோடு சேர்த்துக் கேள்வி கேட்கலாம். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் புரோகிராம்தான் அது, அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் வயதானவர்கள் யார் யார்? மழை வந்தால் அவர்களால் தாண்டி வர முடியாது, வேனை அந்தப் பக்கம் விட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு நோய் இருக்கிற வீடுகள் எவை? ஒரு வரி எழுதினால் போதும். எப்படித் தேடுவது என்று மெஷினுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். மாப்பிள்ளை வீட்டாரிடம் அவள் சொன்னது பொய்யில்லை.

மெதுவாகத்தான் பதில் வரும், அதையும் சொல்ல வேண்டும். பெயர்கள் ஆயிரக்கணக்கில் சேரச் சேர, வேனுக்கான தாளை எடுக்கக் காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. டிரைவர் சுப்பிரமணி கீழே வேனில் உட்கார்ந்து ஹாரன் அடிப்பார். "ஹாரன் அடிச்சா மெஷினு வேகமா ஓடுமாண்ணே?" என்று அவள் ஜன்னலில் இருந்து கேட்பாள். மலையில் வெயில் ஏறும்வரை ஜனங்கள் காத்துக் கிடந்தார்கள். சிலர் காத்திருந்து பார்த்துவிட்டு மருந்து வாங்காமலே கொல்லைமேட்டு வேலைக்குப் போனார்கள்.

இதைச் சரி செய்யத்தான் டாக்டர் மெட்ராஸிலிருந்து தேவராஜைக் கூட்டி வந்தார். டாக்டரின் சிநேகிதர் மகன். வெள்ளைச் சட்டையைக் கசங்காமல் போட்டுக்கொண்டு, பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த டேபிள் எல்லாம் சோம்பேறிங்களுக்கு, மேடம்" என்றான். மெஷினோடு நேரடியாகப் பேசுகிற மொழியில் தானே ஒரு புரோகிராம் எழுதினான். டேபிள் கிடையாது. ஒரு ஆளின் விவரம் முழுவதையும் பொடி எழுத்துகளாக நசுக்கி அடுக்கினான். ஒவ்வொரு மாத மருந்துக்கும் ஒரு புள்ளி, ஊருக்கு ஒரு எண். எங்கே எது இருக்கிறது என்று அவன் மனசுக்கு மட்டும் தெரியும். காலை முழுக்க வந்த தாள், டாக்டர் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் வந்து விழுந்தது. டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார்.

திரையில் ஏழு வரிகள் தெரிந்தன. ஒன்றை அழுத்தினால் வேன் தாள், இரண்டை அழுத்தினால் வராதவர்கள், இப்படி ஏழு வரை.

"ஏழுதானா?" என்றாள் பூங்கோதை.

"நீங்க ஒரு வருஷமா கேட்டதை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். திருப்பித் திருப்பி ஏழு வகைதான் கேட்டிருக்கீங்க."

"நாளைக்கு எட்டாவதா ஒண்ணு கேக்கணும்னா?"

"எனக்கு ஒரு லெட்டர் போடுங்க."

டாக்டர் சிரித்தார். தேவராஜும் சிரித்தான். புரோகிராமுக்கும் யார் விவரம் எங்கே இருக்கிறது என்று காட்ட அது உண்டாக்கிக்கொண்ட பெரிய தேடல் கோப்புக்கும் இடம் போதாததால், பழைய டேபிள்களை மெஷினிலிருந்து அழிக்கச் சொன்னான். அழித்தவள் அவள்தான், அவள் விரலால்தான். அழிப்பதற்கு முன் பிளாப்பிகளில் ஒரு நகல் எடுத்து மேஜை டிராயரில் போட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மா மேல் எரிந்து விழுந்தாள். ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. வேன் நேரத்துக்குக் கிளம்பியது, சுப்பிரமணி ஹாரனை மறந்தார், மலைக்காரர்கள் வெயிலுக்கு முன் வீடு திரும்பினார்கள். வந்த விருந்தாளிகள் எல்லோருக்கும் டாக்டர் காப்பி கொடுத்துக் காட்டினார். பூங்கோதையும் அந்த வேகத்தில் சொகுசு கண்டாள்.

எண்பத்தெட்டு மார்கழியில் ஊர்ப் பெயர்களில் இருந்த பிழைகளைத் திருத்துவதற்காக அவளும் வேனில் மலைக்குப் போனாள். வேலம்பாறையில் புளியமரத்தடியில் வேன் நின்றது. சாமை அறுப்பு முடிந்து, ஜனங்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நர்ஸ் புதியவள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நர்ஸை மாற்றுவது ஆஸ்பத்திரி வழக்கம். "ரங்கன் சம்சாரம் செந்தாமரை" என்று கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பின்னால் இருந்தவள் தோளைத் தட்டிய பிறகுதான் ஒரு இளம்பெண் திடுக்கிட்டு முன்னால் வந்தாள்.

பூங்கோதைக்கு அவளைத் தெரியும். முதல் வருஷம் வேன் சேற்றில் மாட்டிக்கொண்டபோது எல்லோருக்கும் சாமைச்சோறு போட்டவள். பூங்கோதை பச்சைமிளகாயைக் கடித்துவிட்டுக் குதித்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவள். அவள் பெயர் சாந்தம்மாள்.

"ஏ சாந்தம்மா, இன்னா, புதுப்பேர்ல வந்து நிக்கிற?"

வரிசை அப்படியே அடங்கிவிட்டது. அந்தப் பெண் மட்டும் தலையைச் சாய்த்து இடது காதைக் காட்டி, "இன்னா?" என்றாள். பூங்கோதை கிட்டே போய் மறுபடி அந்தப் பெயரைச் சொன்னாள். அதற்குள் புருஷன் ரங்கன் ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"அந்தப் பேர எடுக்காத தாயி. அவ செத்துப் பூட்டா."

"யாரு செத்துப் பூட்டா? இதோ நிக்கிறாளே!"

"இவ செந்தாமர. அவ பூட்டா."

பூங்கோதைக்குக் கோபம் தலைக்கேறியது. விளையாடுகிறார்களா? வைத்தியத்தில் பொய் சொல்வார்களா? ரங்கனை வேனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். போன வருஷம் ஊசி முடிந்து, குடகுக் காப்பித் தோட்டத்து வேலைக்கு இரண்டு பேரும் போனார்கள். அங்கே மாத்திரை இல்லை. இருமல் திரும்பி வந்துவிட்டது. விடாத நோய்க்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பூசாரி நோயாளியின் தலைமுடியில் கொஞ்சம் கத்தரித்து ஓடைக்கரையில் புதைப்பார். பழைய பெயர் அதோடு புதைந்துவிடும். நோய் அந்தப் பெயருக்குச் சொந்தம், அது அங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லிப் புதுப்பெயர் வைப்பார். அப்புறம் அந்தப் பெயரை எடுப்பது நோயை வீட்டுக்கு அழைப்பதற்குச் சமம்.

"புதுசா சீட்டு போடறப்போ, மின்னாடி ஊசி போட்டுகினியான்னு கேட்டாங்களா இல்லையா?"

"கேட்டாங்க. இல்லன்னோம். இவ போட்டுக்கலியே."

அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவன் முகத்தில் கள்ளமே கிடையாது. செத்துப்போனவள் போட்டுக்கொண்ட ஊசியை உயிரோடு இருப்பவள் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று அவன் நிஜமாகவே யோசித்தான்.

பூங்கோதை திரும்பி வந்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக நின்று கேட்டாள். "காது எப்படி கீது?"

"உள்ள வண்டு கத்திகினே கீது. ராத்திரி பகல்னு இல்ல."

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். "போடாதே" என்றாள் பூங்கோதை. "தாள்ல இருக்குதுங்களே" என்றாள் நர்ஸ். பூங்கோதை தாளைப் பிடுங்கி அந்தப் பெயரை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதோடு முடிந்ததா? வரிசையில் இன்னும் எத்தனையோ பேர் நின்றார்கள். இதில் புதுப்பெயர்கள் எத்தனை? மலை முழுக்க எத்தனை? "வேற யார் யாருக்குப் பேர் மாத்துனாங்க?" என்று ரங்கனைக் கேட்டாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "அத்த மட்டும் கேக்காத. யாரும் சொல்லமாட்டாங்க."

ஆட்கள் சொல்லமாட்டார்கள், மெஷினைத்தான் கேட்க வேண்டும். வேன் இறங்கும்போதே கேள்வியை மனசுக்குள் எழுதிவிட்டாள். நோயாளி டேபிளையே இரண்டாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். ஒரே ஊர், ஒரே அப்பா பெயர் அல்லது புருஷன் பெயர், ஆணானால் இரண்டும் ஆண், பெண்ணானால் இரண்டும் பெண், வயது கிட்டத்தட்ட ஒன்று, ஒரு பெயர் நின்ற பிறகு இன்னொரு பெயர் தொடங்கியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஜோடிகள் எவை? எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கேள்வி. ஆனால் திரையில் ஏழு வரிகள்தான் இருந்தன, அந்த ஏழில் இது இல்லை. நசுக்கி அடுக்கிய எழுத்துகளைப் பிரித்துப் படிக்க வழியும் இல்லை.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டாள்.

"நல்ல கேள்விதான் மேடம்" என்றான் தேவராஜ். "ஆனா என் அமைப்புல ஒரு ஆளை இன்னொரு ஆளோட ஒப்பிடறதுக்கு வழியே வைக்கலை. எல்லாத்தையும் பிரிச்சு எழுதணும். பொங்கல் கழிச்சு வர்றேன்."

"அதுவரைக்கும் வாரத்துக்கு ரெண்டு தடவை வேன் போகுதுங்க. ஊசி போடறாங்க."

"அவசரப்பட்டா தப்பு வரும்."

"அப்ப எப்படி அடுக்கி வெச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நான் பிரிச்சுக்கறேன்."

"அது என் வேலை மேடம். அதை எப்படிக் கொடுக்க முடியும்?"

அவள் போனை வைத்த வைப்பில் ஆபரேட்டர் மறுமுனையில் திட்டியிருப்பாள். ஜனங்களின் காது ஜனங்களுடையது, அவர்கள் பெயரும் வயதும் ஊரும் அவர்களுடையது, அதை அடுக்கி வைத்த விதம் மட்டும் இவன் பாட்டன் சொத்தா? எழுதத் தெரிந்தவன் மற்றவர்களால் திறக்க முடியாதபடி எழுதிவைத்துவிட்டு அதற்குத் திறமை என்று பெயர் வைத்துக்கொள்கிறான். அதைப் பார்த்துக் கைதட்டப் பெரிய மனிதர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

டாக்டரிடம் போய் வேலம்பாறையில் நடந்ததைச் சொன்னாள். பழைய டேபிள்கள் பிளாப்பியில் இருக்கின்றன, அதற்குப் பிறகு வந்த மலைப் பெயர்களை மட்டும் சீட்டுகளைப் பார்த்துத் தட்டிவிடுகிறேன், மெஷினில் இடம் வேண்டும், அதற்கு தேவராஜின் தேடல் கோப்பை அழிக்க வேண்டும் என்றாள். அழித்தால் நோயாளிகள் விவரம் எதுவும் போகாது, ஆனால் தேவராஜ் வந்து மறுபடி உண்டாக்கித் தரும்வரை அவன் புரோகிராமில் வேன் தாள் வராது.

"திங்கட்கிழமை வேன்?"

"நின்னுடும் டாக்டர்."

"ஒரு பொம்பளைக்குக் காதுல வண்டு கத்துதுன்னு ஆயிரம் பேர் மருந்தை நிறுத்தச் சொல்றியா?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "சீட்டுகளை நர்ஸுங்க கண்ணால பார்க்கட்டும். மெஷின்ல கை வைக்காதே."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. ஒரு வேளை மருந்து தவறுவதும் தப்புதான், அது அவளுக்கும் தெரியும். ஆனால் ஆயிரக்கணக்கான சீட்டுகளில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கண்ணால் ஒப்பிட எந்த நர்ஸால் முடியும்? அந்த வேலைக்குத்தானே மெஷின் வாங்கினார்கள்? வாங்கிய மெஷினிடம் கேட்காதே, கண்ணால் பார் என்கிறார். அவளுக்கு அழுகை வரவில்லை, பல்லை நறநறவென்று கடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி ஓய்ந்து கிடந்தது. வேலை பாக்கி இருக்கிறது என்று காவலாளியிடம் சொல்லிச் சாவி வாங்கினாள். தேவராஜின் தேடல் கோப்பை அழித்தாள். அழிக்கட்டுமா என்று மெஷின் ஒருமுறை கேட்டது, அவள் ஆமாம் என்று அடித்தாள். பிளாப்பிகளில் இருந்த டேபிள்களை ஏற்றினாள். முந்தின இரண்டு நாளும் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பிரித்து வைத்திருந்த மலைச் சீட்டுகளைத் தட்டத் தொடங்கினாள். அம்மா ஆஸ்பத்திரிக்கே சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, "வேல போய்ட்டா இன்னாடி பண்ணுவ?" என்று கேட்டாள். "உன் ரசத்தைக் குறை சொல்லிகினு வூட்ல கிடப்பேன்" என்றாள் பூங்கோதை. அம்மாவுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தது.

பிற்பகலில் கேள்வியைத் தட்டினாள். மெஷின் உறுமிக்கொண்டே கிடந்தது. டேபிளை அதனோடே ஒப்பிடுவது லேசான வேலையில்லை. தேவராஜ் இருந்தால் கிண்டல் செய்திருப்பான். செய்யட்டும். வெயில் சுவரை விட்டு இறங்கிய பிறகு பிரிண்டர் கிறீச்சிட்டது.

வந்தது ஒரே ஒரு தாள். வேலம்பாறையில் மட்டும் இல்லை, ஓடைக்கரையை ஒட்டிய எல்லா ஊர்களிலும் ஜோடிகள் இருந்தன. சிலது அக்கா தங்கையாக இருக்கலாம். பல ஜோடிகள் அப்படி இருக்க முடியாது. குப்பன் என்ற பெயரில் இப்போது ஊசி போட்டுக்கொள்பவரின் பழைய பெயர் சடையன். அந்தப் பெயரிலும் ஊசி முழுதாக முடிந்திருந்தது. இரண்டாவது சுற்றும் முடியப் போகிறது. சடையனை அவளுக்குத் தெரியும், புளி விற்கச் சந்தைக்கு வருகிற மனிதர். இப்போதெல்லாம் அவர் வருவதில்லை. விலை சொன்னால் காதில் விழாமல் ஏமாந்துபோகிறார் என்று மகனை அனுப்புவதாகக் கேள்விப்பட்டிருந்தாள். வயசாகிவிட்டது என்று ஊரே சொன்னது. ஊசியைப் பற்றி யாருக்குத் தோன்றும்?

திங்கட்கிழமை காலை சுப்பிரமணி வேனை எடுத்து நிறுத்தினார். தாள் இல்லை. டாக்டர் படியேறி வந்து கத்தினார். அவள் அந்த ஒரு தாளை நீட்டினாள். அவர் படித்தார். மறுபடி படித்தார். உட்கார்ந்தார். அவர் மோசமான மனிதராக இருந்திருந்தால் அவளுக்கு அன்று சுலபமாக இருந்திருக்கும். அவர் அதை மூன்றாவது தடவை படிப்பதைப் பார்த்துக்கொண்டு கோபத்தை அப்படியே வைத்திருப்பது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் வைத்திருந்தாள்.

புதன்கிழமை தேவராஜ் வந்து இறங்கினான். பொங்கல் வரை காத்திருக்கச் சொன்னவனுக்கு, தன் கோப்பை அழித்தார்கள் என்று கேட்டதும் அன்றைக்கே பஸ் கிடைத்துவிட்டது.

"பேர் மாத்துவாங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் அதுக்கும் வழி வெச்சிருப்பேன்" என்று டாக்டர் முன்னால் சொன்னான். "சொல்லாதது உங்க தப்பு."

"எனக்கே போன வாரம்தான் தெரியும்!" பூங்கோதை எழுந்துவிட்டாள். "தெரிஞ்சதை மட்டும் கேக்கறதுக்கு எனக்கு எதுக்குங்க மெஷினு? தெரியாத ஒண்ணு வந்து முன்னால நிக்கிற அன்னைக்குக் கேக்கத்தானே வேணும்? அன்னைக்கு நீங்க பொங்கல் கொண்டாடறீங்க. உங்க புரோகிராம் வேகம்தான், இல்லைன்னு சொல்லலை. தப்பான ஆளுக்கு ஊசியை வேகமா கொண்டுபோய் சேர்த்தது."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. அதற்காக அவள் வருத்தப்படவில்லை.

டாக்டர் இரண்டு வேலை செய்தார். இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, வேன் தாளுக்கு தேவராஜின் புரோகிராமும் மற்ற எல்லாவற்றுக்கும் டேபிள்களும் இருக்கட்டும் என்றார். டேபிள்தான் மூலம், அவன் புரோகிராம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள் அவள். அதற்கும் சம்மதித்தார். உத்தரவை மீறியதற்காக அவளுக்கு ஒரு மெமோவும் கொடுத்தார். அதையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். ஊரில் பரவியது மெமோ மட்டும்தான்.

தாளில் இருந்தவர்களை ஒவ்வொருவராக வேனில் கூட்டி வந்து காதைச் சோதித்தார்கள். சடையனுக்கு இரண்டு காதும் போய்விட்டிருந்தது. அவர் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பாதிக் காதோடு தப்பியவர்கள் சிலர். ஒன்றும் ஆகாதவர்கள் சிலர், இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அவர்களும் சடையன்தான்.

செந்தாமரைக்கு வலது காது முழுக்கப் போயிருந்தது. இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஊசி இல்லாமல் வேறு மாத்திரைகளால் வைத்தியம் தொடரலாம், அந்த மிச்சம் நிற்கும் என்றார் டாக்டர். அதை அவளுக்குச் சொல்லும் வேலை பூங்கோதை தலையில் விழுந்தது. இடது பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். அந்தப் பெண் அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றினாள்.

அப்புறம் அறையின் மூலையில் இருந்த மெஷினைப் பார்த்தாள். எழுந்து அதன் பக்கத்தில் போய் நின்றாள். பூங்கோதையும் கூடவே போய் அவளுடைய வலது பக்கம் நின்றாள்.

"இதுக்குள்ளதான் எல்லாரு பேரும் கீதா?"

பூங்கோதை தலையாட்டினாள்.

"அவ பேரும் கீதா? செத்தவ பேரு?"

மறுபடியும் தலையாட்டினாள்.

"அத்த எடுத்துடும்மா. அது இங்க கீறதாலதான் நோவு என்ன வுடமாட்டேங்குது. அத்த எடுத்துட்டா எல்லாம் சரியாப் பூடும். புண்ணியமா போவும் உனக்கு."

எடுத்தால் என்ன ஆகும் என்று பூங்கோதைக்குத் தெரியும். நாளைக்கு இவள் வேறொரு பெயரோடு வேறொரு நர்ஸ் முன்னால் போய் நிற்பாள். முன்னால் ஊசி போட்டாயா என்று கேட்பார்கள். இல்லை என்பாள், அவளைப் பொறுத்தவரை அது உண்மை. மிச்சமிருக்கிற காதும் போகும். அந்த இரண்டு பெயர்களையும் ஒரே எண்ணில் கட்டி வைத்திருக்கிற அந்த ஒரு வரிதான் இவளுக்கும் முழுச் செவிட்டுக்கும் நடுவில் நிற்கிறது. அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

"எடுக்கமாட்டேன்" என்றாள் பூங்கோதை. "நீ செத்தாலும் எடுக்கமாட்டேன்."

செந்தாமரை மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள், வலது பக்கம் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு திரும்பி, பூங்கோதையின் உதடு அசைந்து நின்றதைப் பார்த்து, சம்மதம் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முகம் மலர்ந்துபோயிருந்தது. வாசலில் ரங்கன் நின்றிருந்தான். அவனிடம், "எடுத்துடறேன்னுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனாள்.

எடுக்கமாட்டேன் என்பதைப் பூங்கோதை இரண்டாவது தடவை சொல்லவில்லை.